ரெண்டு மலையும் ஒரு சூரியனும்

ஒரு சின்ன சோதனை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, யோசிக்காமல், ஒரு "இயற்கைக்காட்சி" வரையுங்கள்.

என்ன வரைந்திருப்பீர்கள் என்று சொல்லட்டுமா? ரெண்டு முக்கோண மலை. நடுவில் பாதி சூரியன். மலையிலிருந்து வளைந்து வளைந்து ஒரு ஆறு. ஓரத்தில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னைமரம், "வ" மாதிரி நாலு பறவை. சரிதானே? :)

நானும் அதைத்தான் வரைந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. இதில் வேடிக்கை என்னவென்றால், என் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். வீட்டு மொட்டைமாடியில் ஏறி நாலாபக்கமும் பார்த்தால் கரிசல்காடு, கருவேலம், பவர்லூம் ஓட்டுக்கூரை, செல்போன் டவர். எங்களுக்கு என்று இருக்கும் ஆறு, திருச்சுழிப் பக்கம் போகும் குண்டாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் ஓடும். நான் வரைந்த அந்த வளைந்த நீல ஆற்றை என் கண்ணால் பார்த்ததே இல்லை. இருந்தும் நாற்பது பேர் இருந்த வகுப்பில் நாற்பது பேரும் அதையேதான் வரைந்தோம்.

யார் சொல்லிக்கொடுத்தது இதை? இந்தக் கேள்வியோடுதான் ஒரு வாரம் நூலகத்திலும் இணையத்திலும் மேய்ந்தேன். மேய்ந்ததில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன். வெளியிடத்தில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரையும் பழக்கம் நம்மூருக்கு எப்படி வந்தது, வந்தபின் எங்கெல்லாம் போனது, எங்கே போகவில்லை என்பதுதான் கதை.

தேடுவதற்குக் காரணமாக இருந்தது ஒரு பூங்கா. போன லீவில் கேமல் கேக் கலர் டப்பா, ஒரு தண்ணி பாட்டில், ஒரு பரீட்சை அட்டை, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். பூங்கா என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாலு சிமெண்ட் பெஞ்ச், ஒரு சறுக்கு, கொஞ்சம் அரளிச்செடி, கம்பிவேலி. வேலிக்கு அந்தப்பக்கம் வெறும் காடு. (எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். புலி, கரடி எதுவும் இருக்காது.) பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார்:

"என்ன தம்பி, சர்வே எடுக்க வந்துருக்கீகளா?"

"இல்ல தாத்தா, சும்மா படம் வரையுறேன்."

"சும்மாவா? ரோடு எதுவும் போடப் போறாகளோன்னு பாத்தேன்."

அப்போது சிரிப்புதான் வந்தது. பிறகு வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது, தாத்தா கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

ஏனென்றால் திறந்தவெளியில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்து வாட்டர்கலரில் வரைவது இந்தியாவுக்குள் வந்ததில் ராணுவத்துக்கும் சர்வேக்கும் பெரிய பங்கு உண்டு. போட்டோ என்ற ஒன்று இல்லாத காலம். எதிரியின் கோட்டை எங்கே, மேடு எங்கே, ஆற்றை எந்த இடத்தில் கடக்கலாம் என்பதை ஒரு அதிகாரி வரைந்துதான் அனுப்பவேண்டும். அதனால் லண்டனை ஒட்டிய உல்விச் ராணுவக் கல்லூரியில் பீரங்கிப்படை மாணவர்களுக்கு ஓவியம் ஒரு பாடம். 1768 முதல் அங்கே தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தவர் பால் சாண்ட்பி. இங்கிலாந்தில் வாட்டர்கலர் நிலக்காட்சியை வளர்த்தவர்களில் முக்கியமானவர், அவரே சர்வே வேலையில் தொடங்கியவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் அதிகாரிகளைத் தயார் செய்ய 1809ல் அடிஸ்கோம்பில் ஒரு கல்லூரி ஆரம்பித்தது. அங்கும் ஓவிய வகுப்பு உண்டு.

நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ். 1801 பாளையக்காரர் போரில் கம்பெனிப் படையில் இருந்தவர். 1830ல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு தொகுதியாக, தான் வரைந்த படங்களையும் சேர்த்து வெளியிட்டார். போருக்கு முன்னால் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக அந்தப் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரையும் அண்ணன் பெரிய மருதுவையும் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். கற்றுக்கொண்டவர் ஊருக்குப் போய்ப் புத்தகம் போட்டார். அந்தத் தாத்தாவின் கேள்விக்குப் பின்னால் இருநூறு வருஷத்து அனுபவம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தாளோடு வந்து நம் நிலத்தை உற்றுப் பார்க்கிறவன் சும்மா வரமாட்டான்!

சரி, பெட்டிக்கு வருவோம். கையில் எடுத்துப்போகும் கலர் டப்பா இல்லாமல் இந்தக் கலை வெளியே வந்திருக்க முடியாது. அதற்கு முன் ஓவியர்கள் கலர்ப்பொடியை அரைத்து, கோந்து கலந்து, பயன்படுத்தும் நேரத்தில் தயார் செய்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் கலரைச் சின்னச் சின்ன வில்லைகளாக அச்சில் அழுத்திக் காயவைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1781ல் அதற்குப் பரிசும் வாங்கினார்கள். 1832ல் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி. அதன்பின் ஈரப்பதம் உள்ள கலர்; 1840களில் டியூப். நம் ஸ்கூல் கேமல் கேக் கலர் இந்த ரீவ்ஸ் வில்லையின் கொள்ளுப்பேரன்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வாட்டர்கலர் என்பது என்ன? கலர்ப்பொடி, கோந்து, காய்ந்து வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரினோ தேனோ. அவ்வளவுதான். அந்தக் கோந்து கம் அரபிக். முக்கியமாக சூடான் பக்கத்து அகேசியா மரத்திலிருந்து வருவது. அதற்கு நெருங்கிய சொந்தக்கார மரம் எது தெரியுமா? நம் கம்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம்! தாவரவியல்காரர்கள் முன்பு அதற்கு வைத்திருந்த பெயரே அகேசியா அரபிகா. அதன் பட்டையைக் கீறினால் வடியும் பிசினை வைத்துத்தான் நாங்கள் பட்டம் ஒட்டினோம். தரத்தில் சூடான் கோந்துக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் வேலை அதேதான். இங்கிலாந்தின் "தேசியக் கலை" என்று பெருமையாகச் சொல்லப்படும் வாட்டர்கலர், வறண்ட பூமியின் முள்மரப் பிசின் இல்லாவிட்டால் தாளிலேயே ஒட்டாது.

இனி அந்த ரெண்டு மலைக்கு வருவோம்.

1792 என்ற வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் லண்டனில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். மூன்று கட்டுரைகள். எது "படத்துக்கு ஏற்ற அழகு", அதைத் தேடி எப்படிப் பயணம் போவது, எப்படி வரைவது என்று. அவர் கணக்குப்படி நிலக்காட்சி கரடுமுரடாக இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் மரமோ மேடோ மறைப்பு மாதிரி நிற்க, நடுவில் தண்ணீர், தூரத்தில் மலை. சமதளம் சுவாரசியம் இல்லை. ஒழுங்காக உழுது பயிர் வைத்த நிலமும் வேண்டாம். இடிந்த கோபுரம் கிடைத்தால் ரொம்ப நல்லது.

அதே 1792ல், ஏப்ரல் மாதம், இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் மெட்ராஸிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல். மூன்றாம் மைசூர் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. பல்லக்கும் சுமைதூக்கிகளும் பரிவாரமுமாகப் போனார்கள். கேமரா அப்ஸ்கியூரா என்ற பெட்டி வழியாகக் காட்சியைத் தாளில் விழவைத்து, கோட்டை இழுத்து, மேலே கலர் தடவினார்கள். திருச்சி மலைக்கோட்டை, மதுரை நாயக்கர் அரண்மனை, பாபநாசம் அருவி, களக்காட்டுப் பக்கமிருந்து தெரியும் குமரிமுனை மலைகள்... ஊருக்குத் திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை "ஓரியண்டல் சீனரி" என்ற பெயரில் 144 படங்களாக அச்சிட்டார்கள். உண்மையிலேயே அழகான படங்கள். அதை மறுக்க முடியாது. இந்தியா எப்படி இருக்கும் என்று ஐரோப்பா பல வருஷம் அந்தப் படங்களை வைத்துத்தான் கற்பனை செய்தது.

ஆனால் நான் வேறொன்றைத் தேடினேன். மதுரை அரண்மனையும் இருக்கிறது, பாபநாசம் அருவியும் இருக்கிறது. இடையில் இருப்பது? மதுரைக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனாலே மண் கறுக்க ஆரம்பித்துவிடும். கண்ணுக்கு எட்டும் வரை தட்டையான கரிசல். அந்த இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் தாண்டியிருக்க முடியாது என்பது என் கணிப்பு. நான் பார்த்த அவர்கள் படங்களில் கரிசல் இல்லை. இடிந்த அரண்மனை உண்டு, அருவி உண்டு, பருத்திக்காடு இல்லை. இதற்கு டேனியல்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர்கள் படம் விற்றுப் பிழைத்தவர்கள். கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் லாட்டரி நடத்தி ஓவியங்களை விற்றுத்தான் பயணச்செலவைச் சமாளித்தார்கள். வெறும் கறுப்பு மண்ணை வரைந்தால் எவன் சீட்டு வாங்குவான்?

எண்பது வருஷம் கழித்து எட்வர்ட் லியர் வந்தார். ஆந்தையும் பூனையும் பாட்டு எழுதிய அதே லியர். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அவருக்கு நண்பர். அவர் அழைப்பில் 1873 கடைசியிலிருந்து 1875 தொடக்கம் வரை, அறுபது வயதைத் தாண்டிய பிறகு, இந்தியா முழுக்கச் சுற்றினார். அவர் முறை எனக்கு ரொம்பப் பயன்பட்டது. வெயிலில் உட்கார்ந்து பென்சிலில் வேகமாக வரைவார். எந்த இடம் என்ன கலர் என்பதைப் படத்தின் மேலேயே வார்த்தையாக எழுதிவிடுவார். பிறகு அறைக்குப் போய் மையால் கோட்டை உறுதிசெய்து கலர் போடுவார். பதினொரு மணி வெயிலில் எங்கள் ஊரில் வரைய இதைவிட நல்ல வழி இல்லை. தஞ்சாவூர், திருச்சி, ஊட்டி எல்லாம் போனார். கரிசல் பக்கம் அவர் கவனமும் திரும்பவில்லை.

சரி, வெள்ளைக்காரர்கள்தான் அப்படி, நம்மவர்கள்?

சென்னை ஓவியப்பள்ளியை 1850ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். இரண்டு வருஷத்தில் அரசு எடுத்துக்கொண்டது. பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்றும் அங்கேயே அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. சிறிது தூரத்தில், சென்ட்ரல் பக்கம், கவர்னர் டிரெவல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க். ஆரம்பத்தில் பள்ளியின் நோக்கம் கைத்தொழில். 1929ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் என்றால் உடனே தெரியும். அவர் காலத்தில்தான் பள்ளி கைத்தொழிலைத் தாண்டி ஓவியத்துக்குத் திரும்பியது.

அவரிடம் படிக்க 1936ல் வந்து சேர்ந்த ஒருவருக்கு வயது 25. கோயம்புத்தூரில் பிறந்தவர். ஐந்து வருஷம் தந்தி இலாகாவில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்தவர். கே.சி.எஸ்.பணிக்கர். பின்னால் அதே பள்ளிக்கு முதல்வரானார், 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் அவர் பெயர் வாங்கியது வாட்டர்கலர் நிலக்காட்சிகளில். கால்வாய், படகு, தென்னந்தோப்பு, பச்சைப் பசேலென்ற மலபார் கிராமம். சின்ன வயதில் பார்த்த கேரளப் பச்சைதான் தன் கலருக்குக் காரணம் என்று அவரே நம்பினார். அவர் செய்தது பெரிய காரியம். வெள்ளைக்காரன் பெட்டியை வாங்கி, தான் வளர்ந்த மண்ணை வரைந்தார். பயணியின் பார்வை அதில் இல்லை. ஆனாலும் பாருங்கள், அவர் வளர்ந்த மண்ணில் தண்ணீர் இருந்தது. கில்பின் கேட்ட தென்னையும் ஓடையும் தானாகவே அங்கே இருந்தன.

எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தவர் மதுரைக்காரரான மனோகர் தேவதாஸ். 1936ல் பிறந்தவர், 2022 டிசம்பரில் காலமானார். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனபோதும் மதுரையை விடாமல் வரைந்தார். யானைமலையை அவர் வரைந்ததைப் பார்த்தால் அந்த வெயில் நம் மேல் படும். ஆனால் அவர் ஆயுதம் பெரும்பாலும் மை, கோடு. கோயில்களில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்த சில்பியையும் இங்கே சொல்லவேண்டும். ஆனந்த விகடனின் "தென்னாட்டுச் செல்வங்கள்" பழைய தொகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். அவருக்கு நிலத்தைவிடச் சிலைதான் முக்கியம்.

ஆக, கரிசலை வாட்டர்கலரில் வரைந்த பெரிய ஓவியர் என்று சுட்டிக்காட்ட எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. கதையில் கரிசல் இருக்கிறது, கி.ரா. எழுதித் தள்ளியிருக்கிறார். கலரில்தான் இல்லை. சினிமாக்காரர்கள் வந்தாலும் அரிவாளும் புழுதியும் காட்டத்தான் வருகிறார்கள்.

தட்டையான ஊரை வரையவே முடியாதா என்றால், ஹாலந்தைப் பாருங்கள். நம்மைவிடத் தட்டையான ஊர். 17ஆம் நூற்றாண்டில் யான் வான் கோயன், யாகோப் வான் ராய்ஸ்தால் மாதிரியான ஓவியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடிவானத்தைத் தாளின் கீழ்ப்பகுதிக்கு இறக்கிவிட்டார்கள். முக்கால்வாசி வானம். நிலம் ஒரு பட்டை. அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது! இங்கிலாந்திலேயே பீட்டர் டி விண்ட் என்பவர் லிங்கன் நகரத்துப் பக்கம் இருந்த தட்டை வயல்களையும் வைக்கோல் அறுவடையையும் வாட்டர்கலரில் ஆயுசு முழுக்க வரைந்தார். கில்பின் சொன்னது ஒரு ரசனை, சட்டம் இல்லை. நாம்தான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பிலேயே ரெண்டு மலை போட ஆரம்பித்துவிட்டோம். (டேனியல் படத்திலிருந்து டிராயிங் வகுப்பு வரை அந்த மலை எந்த வழியாக வந்தது என்று நேர்க்கோடு போட்டு என்னால் நிரூபிக்க முடியாது. காலண்டர், நாடகத் திரைச்சீலை, போட்டோ ஸ்டூடியோ பின்திரை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன்.)

அடிவானத்தை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், காலை ஆறரைக்கே பூங்காவுக்குப் போய். எட்டு மணிக்கு மேல் முடியாது. வானத்துக்கு நீலம் தடவி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. தாளின் பின்பக்கத்தையும் நனைத்து அட்டையில் ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் தாங்குகிறது. தண்ணியில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டாலும் சரிதான்.

கரிசலுக்குக் கறுப்புக் கலரைத் தொட்டால் போச்சு, தார் ரோடு மாதிரி ஆகிவிடும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் கிட்டத்தில் வருகிறது. தடவும்போது நல்ல கறுப்பு, காய்ந்ததும் வெளுத்து சாம்பல். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, கரிசல் மண்ணும் அதே மாதிரிதான். மழை பெய்தால் கன்னங்கரேல், காய்ந்தால் சாம்பல், அப்புறம் வெடிப்பு. எந்த மண்ணையும்விட வாட்டர்கலருக்குப் பொருத்தமான மண் இதுதானோ என்றுகூடத் தோன்றியது.

பச்சைதான் பிரச்சினை. வெயில் காலத்தில் எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரியும் பச்சையெல்லாம் சீமைக்கருவேலம். எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் கூசாமல் பச்சையாக நிற்கும். வரைந்தால் படம் "செழிப்பாக" தெரிகிறது. படத்தைப் பார்த்த என் கல்லூரி நண்பன் ஒருவன், தஞ்சாவூர்க்காரன், "உங்க ஊரு நல்லா பசுமையா இருக்கேடா" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன். நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுகிறது என்று கோர்ட்டு வரைக்கும் போன மரத்தைப் பசுமை என்கிறான்! இதைத்தான் சொல்கிறேன், கலர் பொய் சொல்லாது, ஆனால் பார்க்கிறவனுக்கு ஊர் தெரியாவிட்டால் உண்மையும் போய்ச் சேராது.

உலகத்தில் இப்போது வெளியிடத்தில் உட்கார்ந்து வரைகிற கூட்டம் பெருகிவிட்டது. சியாட்டில் நகரத்துப் பத்திரிகைக்காரர் காப்ரியேல் கம்பனாரியோ 2007ல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் பல நாடுகளில் பரவியிருக்கிறது. சென்னையிலும் வாரக்கடைசியில் பூங்காவில், பீச்சில் கூடி வரைகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் முதல் விதி, நேரில் பார்த்து வரையவேண்டும் என்பதுதான். நல்ல விதி. எங்கள் பூங்காவில் இப்போதைக்குக் கூட்டம் என்றால் நானும், பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேரும். அதில் ஒருவன் கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டே ரெண்டு மலை போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது நாள் அந்தத் தாத்தா மறுபடி வந்தார். ஆடுகளை விட்டுவிட்டு வேலி ஓரம் வந்து, படத்தைக் காட்டச் சொன்னார். தூக்கிக் காட்டினேன். முக்கால்வாசி வானம், கீழே சாம்பல் பட்டை, சீமைக்கருவேலம் ஒரு கொத்து, இடதுபக்கம் ஒற்றைப் பனை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. கம்மாக்கரைய விட்டுட்டியே தம்பி."

எங்கே என்று கேட்டேன். கையைக் காட்டினார். அடிவானத்தில், வலதுபக்கம் பாதி தூரத்துக்கு, தரையைவிட ஒரு விரல்கடை உயரத்தில் ஒரு கோடு. நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கலர் தடவும்போது கை நடுங்கி வந்த கோடு என்று நினைத்து, நானே ஈரப் பிரஷ்ஷால் அதை அழித்திருந்தேன்.